கரி பிடித்த பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள். முதலில் அதைப் படியுங்கள்

மாணவர்களே, குளுவாங்கில் ஒரு சனிக்கிழமை மாலை சாலைச் சந்திப்பில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். உயரம் குறைக்கப்பட்ட மைவி ஒன்று வரும். அல்லது வயதான கஞ்சில் ஒன்று வரும்; அதன் உடலுக்குள் ஜப்பானிலிருந்து வந்த 'ஹாஃப்கட்' டர்போ எஞ்சின் இருக்கும். பச்சை விளக்கு விழுந்தால் பாய்ந்து போகும். ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். புகைக்குழாயில் விட்டுவிட்டுச் சத்தம் வரும். எரியாத பெட்ரோல் வாடை அடிக்கும்.

அந்தக் காரின் உரிமையாளர் உங்கள் அண்ணனாகவோ மாமாவாகவோ இருக்கலாம். "என்ன கோளாறு?" என்று கேட்டால், "பிளக் கருத்துப்போச்சு, மாத்தணும்" என்பார். மாற்றுவார். இரண்டு வாரம் நன்றாக ஓடும். பிறகு அதே நடுக்கம். மறுபடியும் புது பிளக், இம்முறை விலை கூடிய இரிடியம். அதன்பின் காயில். அதன்பின் இன்ஜெக்டர். சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் பட்டறைக்குப் போகும். கோளாறு மட்டும் போகாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளை மாற்றுவது வேறு, காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு. கருத்த பிளக் நோய் அல்ல, நோயின் அறிகுறி. அதைப் படிக்காமல் வீசுவது, இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமலேயே கிழித்துப்போடுவதற்குச் சமம். அதைப் படிக்கத் தேவையான அறிவியல் உங்கள் பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் இருக்கிறது. நீங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் குறை.

பிளக் செய்யும் வேலை

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அமுக்கி, சரியான நேரத்தில் கொளுத்த வேண்டும். அதைக் கொளுத்துவது ஸ்பார்க் பிளக். ஜெர்மனியில் ராபர்ட் போஷின் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் கோட்லோப் ஹொனோல்ட், 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னிட்டோவோடு சேர்ந்து இயங்கும் பிளக்கை உருவாக்கினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. நடுவில் ஒரு மின்முனை, அதைச் சுற்றிப் பீங்கான், வெளியே மரை போட்ட உலோக உடல், அந்த உடலிலிருந்து வளைந்து வரும் இன்னொரு மின்முனை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய 10,000 வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படும்.

கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையை 'ஐட்லிங்' என்கிறோம். அப்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் எரியும். ஆகவே ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 400 முறை பொறி தர வேண்டும். நான்கு சிலிண்டரில் ஒன்று எரியாவிட்டால் கால் பங்கு உந்துதல் போகும். மூன்று சிலிண்டர் கொண்ட கஞ்சிலில் ஒன்று எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போகும். அதே கோளாறு கஞ்சிலை அதிகமாக உலுக்குவது இதனால்தான்.

சரி, கரி படிந்தால் பொறி ஏன் வராது? பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. கரி கடத்தும். பீங்கானின்மேல் கரி ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்ததும், நடு மின்முனையிலிருந்து உலோக உடலுக்கு மின்சாரம் கசிந்து போக ஒரு குறுக்குவழி கிடைத்துவிடுகிறது. இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு மின்னழுத்தம் ஏறுவதற்கு முன்பே அது வடிந்துவிடும். நீங்கள் இயற்பியலில் படிக்கும் பக்க இணைப்புச் சுற்று இதுதான்.

இன்னொரு செய்தி: பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதன் பீங்கான் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிந்த கரி எரிந்துபோகும். ஆனால் 850 டிகிரியைத் தாண்டி வெகுவாக ஏறினால், பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூடான முனை கலவையைக் கொளுத்திவிடும், பிஸ்டனே உருகக்கூடும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் முனையை வைத்திருப்பதுதான் பிளக்கை வடிவமைப்பவரின் வேலை. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் மெதுவாக வெளியேறும். அது 'சூடான' பிளக். குட்டையாக இருந்தால் வெப்பம் விரைவாக எஞ்சின் தலைக்குப் போய்விடும். அது 'குளிர்ந்த' பிளக். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் வெப்ப எண் கூடக்கூடக் குளிர்ச்சி. போஷ், சாம்பியன் பிளக்குகளில் நேர்மாறு. இதை அறியாமல் நிறுவனத்தை மாற்றி வாங்கினால், எண்ணைப் பார்த்தே ஏமாந்துபோவோம்.

நிறம் என்ன சொல்கிறது?

கழற்றிய பிளக்கின் முனை வெளிர்பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் நலம். உலர்ந்த, மென்மையான, விரலில் ஒட்டும் கருங்கரி என்றால், பெட்ரோல் கூடுதல் அல்லது பிளக் போதிய சூடு அடையவில்லை. ஈரமாக, வழவழப்பாக, எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே வருகிறது. கரி இல்லாமல் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை. வெளுத்து, கொப்புளம் போட்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. அதை உடனே கவனிக்க வேண்டும்.

இந்த அளவு பலருக்குத் தெரியும். பலர் கேட்க மறக்கும் கேள்வி வேறு: எல்லா பிளக்கும் கருத்திருக்கிறதா, ஒன்று மட்டுமா?

எல்லாமே ஒரே மாதிரி கருத்திருந்தால், காரணம் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்று. பெட்ரோல் அழுத்தம், காற்றை அளக்கும் உணரி, கணினியின் நிரல், பிளக்கின் வெப்ப எண், கார் ஓட்டப்படும் விதம் என்று தேட வேண்டும். ஒன்று மட்டும் கருத்திருந்தால் காரணம் அந்தச் சிலிண்டருக்கே உரியது: அதன் காயில், அதன் இன்ஜெக்டர், அதன் வால்வு, அதன் பிஸ்டன் வளையம். இந்த ஒரே கேள்வி சந்தேகப் பட்டியலில் பாதியை அடித்துவிடும். அதனால்தான் பிளக்கைக் கழற்றும்போதே எந்த பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று எண் எழுதி வைக்கச் சொல்கிறேன். நான்கையும் ஒரு டப்பாவில் கொட்டிவிட்டால் பாதிச் சாட்சி அழிந்தது.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். பிளக் காட்டுவது பெரும்பாலும் எஞ்சின் கடைசியாக எப்படி ஓடியது என்பதைத்தான். பட்டறை வாசலில் கால் மணி நேரம் ஐட்லிங்கில் நிற்க வைத்துவிட்டுக் கழற்றினால், நெடுஞ்சாலையில் கலவை எப்படி இருந்தது என்பதை அது சொல்லாது. வீட்டிலிருந்து இரயில் நிலையக் காப்பிக் கடைக்கும், அங்கிருந்து சந்தைக்கும் மட்டுமே போய்வரும் காரின் பிளக் கருப்பது இயல்பு. எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. அதே காரை ஆயர் ஈத்தாம் வரை ஒருமுறை ஓட்டிவிட்டுப் பார்த்தால் முனை வெளுத்திருக்கலாம். அப்படியானால் கோளாறு காரில் இல்லை, பயணத்தின் நீளத்தில் இருக்கிறது.

மாற்றியமைத்த காரில் என்ன வேறு?

தொழிற்சாலையிலிருந்து வந்த காரின் கணினி சில நம்பிக்கைகளோடு பிறக்கிறது. இன்ஜெக்டர் ஒரு நொடி திறந்தால் இவ்வளவு பெட்ரோல் வரும். உணரி இந்த எண்ணைக் காட்டினால் இவ்வளவு காற்று நுழைகிறது. நுழைந்த காற்றெல்லாம் சிலிண்டருக்குத்தான் போகிறது. இந்தக் கணக்கை வைத்துத்தான் 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தை அது காக்கிறது. நீங்கள் ஒரு பாகத்தை மாற்றும்போது அந்த நம்பிக்கைகளில் ஒன்று பொய்யாகிறது. கணினிக்கு அது தெரியாது. யாரோ சொல்ல வேண்டும்.

சில உதாரணங்களைப் பாருங்கள்.

பெரிய இன்ஜெக்டர் போட்டு நிரலை மாற்றாவிட்டால், அதே நேரம் திறந்தாலும் கூடுதல் பெட்ரோல் கொட்டும். நிரலை மாற்றினாலும் ஐட்லிங்கில் தொல்லை வரலாம். அப்போது தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவு. பெரிய இன்ஜெக்டர் மிகக் குறுகிய நேரமே திறக்க வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தருவதில்லை.

டர்போ காரில் 'புஷ்ஷ்' என்ற சத்தத்துக்காகவே, மிஞ்சும் காற்றை வெளியே விடும் வால்வைப் பொருத்துவார்கள். காற்றின் எடையை அளக்கும் உணரி கொண்ட காரில், அந்தக் காற்று ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது. எண்ணிய காற்று வெளியே போனது. அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே போனது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கொஞ்சம் கரி. உறிஞ்சுகுழாயின் அழுத்தத்தை அளக்கும் உணரி கொண்ட காரில் இந்தச் சிக்கல் இப்படி வராது. ஒருவர் காரில் நன்றாக வேலை செய்தது இன்னொருவர் காரில் ஏன் பிளக்கைக் கருக்கிறது என்பதற்கு இது ஒரு விடை.

பந்தயக் கார் போட்டது என்று குளிர்ந்த பிளக்கைப் போடுபவர்கள் உண்டு. பந்தயத்தில் எஞ்சின் முழு வேகத்தில் சூடாகவே இருக்கும். குளுவாங் நகருக்குள் போக்குவரத்தில் நகரும் கார் அப்படியா? அந்த முனை 450 டிகிரியைத் தொடவே தொடாது; கரி எரியவே எரியாது.

ஹாஃப்கட் எஞ்சின் என்றால் அது ஏற்கெனவே ஓடிய எஞ்சின். தேய்ந்த பிஸ்டன் வளையமோ, வால்வுத் தண்டின் காய்ந்த முத்திரை ரப்பரோ, டர்போவின் முத்திரையோ எண்ணெயை உள்ளே விடலாம். அங்கே எத்தனை புது பிளக் போட்டாலும் எண்ணெய் நனைக்கத்தான் செய்யும்.

ஐட்லிங்கில் மட்டும் ஏன் நடுங்குகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1.3 லிட்டர் எஞ்சின் 800 சுற்றில் ஓடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்புவதால் நிமிடத்துக்கு 1.3 × 400 = 520 லிட்டர் இடத்தை அது நிரப்ப வேண்டும். ஆனால் காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கொள்வோம். அப்படியானால் உண்மையில் நுழைவது சுமார் 170 லிட்டர் காற்று. இப்போது வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியாக நிமிடத்துக்கு 17 லிட்டர் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால்? பத்தில் ஒரு பங்கு! கலவை கெட்டு, எஞ்சின் நடுங்கும்.

அதே எஞ்சின் 4,000 சுற்றில், கதவு முழுதாகத் திறந்து ஓடினால் 2,600 லிட்டர் வரை உறிஞ்சும். அப்போது 17 லிட்டர் என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே வெற்றிடமும் குறைவதால் கசிவே சுருங்கிவிடும். "வேகமா ஓட்டினா நல்லாத்தான் இருக்கு" என்று உங்கள் அண்ணன் சொல்வது பொய் அல்ல. அது ஒரு தடயம். காற்றுக் கசிவைச் சந்தேகிக்கச் சொல்லும் தடயம்.

ஏமாறும் உணரி

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். நவீனக் காரின் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி இருக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் "பெட்ரோல் போதவில்லை" என்று கணினி முடிவுசெய்து பெட்ரோலைக் கூட்டும். ஆக்சிஜன் இல்லையென்றால் குறைக்கும்.

ஒரு சிலிண்டரின் பிளக் பொறி தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெட்ரோலும் ஆக்சிஜனும் எரியாமலேயே புகைக்குழாய்க்கு வருகின்றன. உணரிக்கு ஆக்சிஜனைத்தான் தெரியும், எரியாத பெட்ரோலைத் தெரியாது. அது "பெட்ரோல் போதவில்லை" என்கிறது. கணினி எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. நன்றாக எரிந்துகொண்டிருந்த மற்ற சிலிண்டர்களிலும் இப்போது கரி படிகிறது. ஒன்றில் தொடங்கியது நான்குக்கும் பரவுகிறது. மாற்றுப் புகைக்குழாய் பொருத்தியபோது உணரிக்கு முன்னால் இணைப்பு சரியாக இறுகாமல் வெளிக்காற்று நுழைந்தாலும் இதே கதைதான்.

இந்த ஏமாற்றத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு. காரின் கண்டறியும் துளையில் ஒரு ஸ்கேனரைச் செருகினால், கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைக் காட்டும். இதை 'ஃபியூல் டிரிம்' என்பார்கள். அந்த எண்ணையும் பிளக்கின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பிளக் கருப்பு, டிரிம் கழித்தல் பக்கம்: கணினி பெட்ரோலைக் குறைக்கப் போராடுகிறது, ஆனாலும் மிஞ்சுகிறது. உண்மையிலேயே கூடுதல் பெட்ரோல் வருகிறது. பெரிய இன்ஜெக்டரையோ, ஒழுகும் இன்ஜெக்டரையோ, கூடிய பெட்ரோல் அழுத்தத்தையோ தேடுங்கள்.

பிளக் கருப்பு, டிரிம் கூட்டல் பக்கம்: பெட்ரோல் ஏற்கெனவே மிஞ்சியிருக்க, கணினி இன்னும் கூட்டுகிறது. யாரோ அதை ஏமாற்றுகிறார்கள். எரியாத சிலிண்டரையோ, புகைக்குழாய்க் கசிவையோ, கெட்டுப்போன உணரியையோ தேடுங்கள்.

ஐட்லிங்கில் டிரிம் கூட்டல் பக்கம் ஏறி நின்று, 2,500 சுற்றில் பூச்சியத்தை நெருங்கினால், மேலே கணக்குப் போட்ட காற்றுக் கசிவு நினைவுக்கு வர வேண்டும்.

தனித்தனியே பார்த்தால் நிறமும் எண்ணும் அரைகுறைச் செய்திகள். சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு வருகிறது. கார்புரேட்டர் கொண்ட பழைய கஞ்சிலில் இந்த எண் கிடைக்காது. அங்கே சோக், ஜெட், கலவைத் திருகு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முறை மட்டும் அதேதான்.

ஆறாம் ஆண்டுப் பாடம்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கும். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாய் மொழியில் படிக்கிறீர்கள். ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த விதிதான் பட்டறையில் பணத்தைக் காப்பாற்றும் விதி.

பிளக், காயில், காற்று வடிகட்டி மூன்றையும் ஒரே நாளில் மாற்றி நடுக்கம் நின்றால், எதனால் நின்றது? யாருக்கும் தெரியாது. திரும்ப வந்தால் மறுபடியும் மூன்றும் வாங்க வேண்டும். மாறாக இப்படிச் செய்து பாருங்கள். இரண்டாம் சிலிண்டர் எரியவில்லை என்று ஸ்கேனர் 'பி0302' எண்ணைக் காட்டுகிறது. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றிப் பொருத்துங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். எண் 'பி0303' என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். இதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

எண்ணெய் படிந்த பிளக்குக்கும் ஒரு சோதனை இருக்கிறது. சிலிண்டரின் அமுக்க அழுத்தத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தச் சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் நன்றாக ஏறினால் எண்ணெய் பிஸ்டன் வளையத்தின் இடைவெளியை அடைத்திருக்கிறது, தேய்ந்தது வளையம். ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றியது ஒன்றே ஒன்று, விடை தெளிவு.

எச்சரிக்கை ஒன்று. இந்தச் சோதனைகளைத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். காயிலின் மின்னழுத்தம் ஆபத்தானது. எஞ்சினை நிறுத்திய பிறகே தொட வேண்டும். சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றினால் அலுமினியத் தலையின் மரை பிய்ந்துவிடலாம், ஆறவிடுங்கள். திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். கசிவு தேடுகிறேன் என்று தீப்பற்றக்கூடிய எதையும் சூடான எஞ்சின்மேல் தெளிக்காதீர்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எதிர்க்கேள்விகள்

"பிளக் மலிவு, கண்டுபிடிக்கும் கூலிதான் அதிகம். மாற்றிவிட்டுப் போகலாமே?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயுள் முடிந்த பிளக்கை மாற்றத்தான் வேண்டும். சாதாரண நிக்கல் பிளக் இருபதாயிரம் கிலோமீட்டர் அளவிலும், இரிடியம் ஒரு லட்சம் அளவிலும் தேய்வது வழக்கம். ஆனால் இரண்டு வாரத்தில் கருத்த பிளக் ஆயுள் முடிந்தது அல்ல. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றிக்குள் போய் அங்கே எரியும். அதன் உட்பகுதி உருகலாம். அதன் விலைக்கு எத்தனையோ செட் பிளக் வாங்கலாம். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், அந்தச் சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்று கார் எச்சரிக்கிறது. சிலிண்டர் சுவரில் வழியும் பெட்ரோல், எண்ணெயையும் கரைத்துக் கெடுக்கும். மலிவு என்று நினைத்த வழி கடைசியில் கூடுதல் செலவில் போய் முடியும்.

"அனுபவமுள்ள மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவாரே?" சொல்வார், அவரை நான் குறைத்துப் பேசவில்லை. முப்பது ஆண்டுகளில் அவர் பார்த்த நூற்றுக்கணக்கான கார்கள் அவர் செய்த சோதனைகள்தாம். ஆனால் அந்த அனுபவம் பெரும்பாலும் தொழிற்சாலைக் கார்களில் பெற்றது. மாற்றியமைத்த கார் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பிறவி. யார் எந்த இன்ஜெக்டரை எப்போது போட்டார், நிரலை யார் மாற்றினார் என்ற குறிப்பு இல்லாமல் எந்தக் காதுக்கும் அது புரியாது. ஆகவே காரை மாற்றியமைப்பவர் ஒரு குறிப்பேடு வைத்திருப்பது அவசியம். என்ன மாற்றினோம், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், அதற்குப்பின் என்ன நடந்தது. நீங்கள் அறிவியல் செய்முறைக்கு எழுதும் அறிக்கையைவிட இது கடினம் அல்ல.

"காரை மாற்றியமைப்பதே தவறு, அதைப் பற்றி ஏன் மாணவர்களுக்கு எழுத வேண்டும்?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதியும் பரிசோதனையும் தேவை. அனுமதி இல்லாத மாற்றத்தை நான் ஆதரிக்கவில்லை. பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதையும் ஆதரிக்கவில்லை. ஆனால் பதினாறு, பதினேழு வயதில் நம் பிள்ளைகள் பலருக்கு எஞ்சின்மேல் இருக்கும் ஆர்வம் உண்மையானது. அந்த ஆர்வத்தைத் திட்டி விரட்டுவதைவிட, அதற்குள் இருக்கும் வெப்பவியலையும் மின்னியலையும் வேதியியலையும் காட்டுவது பயன் தரும்.

கையில் கரி படிவது இழுக்கல்ல

நம்மிடையே ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. படிக்க வராதவன்தான் பட்டறைக்குப் போவான் என்பது. இந்தக் கட்டுரையில் வந்தவற்றைத் திரும்பப் பாருங்கள்: பக்க இணைப்புச் சுற்று, வெப்பக் கடத்தல், எரிதல் விகிதம், அழுத்தம், விழுக்காடு, கட்டுப்படுத்தப்பட்ட சோதனை. இவை தெரியாதவர் பொருளை மாற்றுபவர் மட்டுமே. இவை தெரிந்தவர் கண்டறிபவர். மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலையிலிருந்து உயர் டிப்ளோமா நிலை வரை வாகனத் துறையில் படித்து ஏற வழி இருக்கிறது. படிவம் 5 முடித்து அந்தப் பக்கம் போக நினைப்பவர் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் இயற்பியல் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அறிவியல் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பட்டறைகளில் கழித்துப்போட்ட பிளக்குகள் இலவசமாகக் கிடைக்கும். ஆளுக்கொன்று கொடுத்து, "இது எப்படிப்பட்ட எஞ்சினிலிருந்து வந்திருக்கும்? உன் ஊகத்தைச் சோதிக்க என்ன செய்வாய்?" என்று ஒரு பாடவேளை கேட்டுப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்தமுறை வீட்டுக் காரோ மோட்டார் சைக்கிளோ பட்டறைக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள். பிளக்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சிலிண்டர் என்று எண் எழுதி, வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துப் படம் பிடியுங்கள். கடைசியாக எத்தனை தூரம் ஓடியது, எப்படி ஓட்டப்பட்டது, கடந்த சில மாதங்களில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று கேட்டு எழுதுங்கள். பிறகு மெக்கானிக்கிடம் பணிவாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இது ஏன் கருத்துச்சு?" அவர் சொல்லும் விடையைச் சோதிக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால், புதுப் பாகம் வாங்குவதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.